அண்ணனுக்கு அண்ணன்

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. நானும் என் மனைவியும் சுகமாக இருக்கிறோம். உடல்நலம் விசாரிப்பது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். கடிதத்தை வேறு விதமாகத் தொடங்கிப் பழக்கமில்லாததால் விசாரிக்கிறேன். நலம்தானே?

இதைத் தொலைபேசியில் கேட்டிருக்கலாம். அதில் நீங்கள் சிரித்துவிடுவீர்கள். உங்கள் சிரிப்புக்கு என்ன பதில் சொல்வதென்று இந்த ஐம்பத்து நான்கு வயதிலும் எனக்குத் தெரியவில்லை. காகிதத்தில் சிரிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் பலமுறை அழைத்ததற்காக, உங்கள் இளமைப் பயிற்சிக் கூடத்துக்கு வந்தேன். சுவர் முழுக்கக் கண்ணாடி. ஒவ்வொருவரும் தம்முடைய இளவயதுப் புகைப்படத்தைக் கண்ணாடியில் ஒட்டி, அதைப் பார்த்து "நான் இவன்தான்", "நான் இவள்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வயதைச் சொன்னாலோ, "முடியலை" என்றாலோ, வியாதியின் பெயரை உச்சரித்தாலோ கூடத்தை ஒரு சுற்று ஓடிவர வேண்டும் என்பது உங்கள் சட்டம். முழங்கால் வலிக்கிறது என்று சொன்னதற்காக ஒருவர் முழங்கால் வலியோடு ஓடினார். மற்றவர்கள் கைதட்டினார்கள். இதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. பணம் கொடுத்து ஓடுகிறவர்கள் ஓடட்டும்.

நான் கேட்க வந்தது வேறு. என் தோளில் கைபோட்டு நடுவில் நிறுத்தி, "இவர் என் அண்ணன். என்னைவிட அஞ்சு வயசுதான் மூத்தவர். பார்த்தா இருபது வருஷம் மாதிரி தெரியுது இல்ல? எல்லாம் மனசு" என்றீர்கள். ஓர் அம்மாள் என்னிடம் வந்து, "கவலைப்படாதீங்க பெரியவரே, உங்க தம்பிகிட்ட வந்துட்டீங்க இல்ல, மாத்திடுவார்" என்று ஆறுதல் கூறினார். வாசலில் இறங்கும்போது கடைசிப் படி என் காலுக்குக் கிடைக்காமல் விழுந்தேன். அப்போதும் நீங்கள் "பாத்து அண்ணே" என்றுதான் சொன்னீர்கள். சுற்றி யாருமே இல்லை. அப்போதுகூட.

அடுத்த ஆண்டு உங்களுக்கு அறுபது. எனக்கு முன்னால் பிறந்தவர் நீங்கள். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் விளம்பரத் தாளில் இருக்கும் படத்தைப் பார்த்து, "உங்க அண்ணனுக்கு இமை முடி மட்டும் கன்னுக்குட்டி மாதிரி எப்படி இப்படி வளர்ந்திருக்கு? மை போடுறாரா, கேளுங்க" என்கிறாள் என் மனைவி. அதையும் கேட்டுவிட்டேன்.

அன்புடன்,
தம்பி

*

பிப்ரவரி 25

டேய் தம்பி,

ஜூனியர் எழுதறேன். கூடத்துல எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிடறாங்க, எனக்கும் அதுவே பழகிடுச்சு. சந்தோஷமா இருக்கேன், நீயும் இரு. அதுக்கு மேல நலம் கிலம் எல்லாம் என்கிட்ட கேக்காதே.

ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பெரிய கடுதாசியா? கணக்கு ரொம்ப சுலபம்டா. கூடத்துல எனக்கு நாற்பத்தெட்டு. உன்னைத் தம்பின்னு சொன்னா உனக்கு நாற்பத்து மூணு ஆகணும். அந்தத் தலைக்கு, அந்த மூஞ்சிக்கு நாற்பத்து மூணுன்னா எவன் நம்புவான்? ஒண்ணு நீ டை அடிச்சிட்டு வந்திருக்கணும், இல்லைன்னா நான் உன்னை அண்ணனாக்கணும். இருந்த நேரத்துல எது முடியுமோ அதைப் பண்ணினேன். நீ பொறக்கும்போதே கிழவன். தொட்டில்ல படுத்துக்கிட்டு எல்லாரையும் முறைப்பே. அம்மாவே சொல்வா, இவன் எதையோ தணிக்கை பண்ண வந்திருக்கான்னு.

இமைக்கு மை எல்லாம் இல்லைன்னு உன் வீட்டுக்காரிகிட்ட சொல்லு. உள்ளே இளமை இருந்தா முடி தன்னால வளரும். வகுப்புக்கு வர்ற பாதிப் பேர் முதல்ல கேக்கறதே அதைத்தான்.

பொண்ணு இப்ப இருபது மாடி உயரக் கிரேன்ல உக்காந்து இரும்பு தூக்கறா. கீழே நாலு ஆம்பிளைங்க அண்ணாந்து பாத்துட்டு நிக்கறாங்க. போன மாசம் அவகூட ஒரு கடைக்குப் போனேன், தங்கச்சியான்னு கேட்டான் கடைக்காரன். நான் ஆமான்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. அவதான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா. உன் ரத்தம்.

கோபத்தை விடு, சுருக்கம் விழும்.

ஜூனியர்

*

மார்ச் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. இந்த முறை நலம் என்று எழுத முடியவில்லை. நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

உங்களுக்குப் பிடிக்காத பேச்சு இது. ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தாவது படியுங்கள்.

இம்மாதத் தொடக்கத்தில் ஒரு பழைய பாலத்தின் அடிப்பாகத்தைச் சோதித்துக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு ஆண்டுகளாக நான் செய்யும் வேலை இதுதான்: தொங்கு மேடையில் நின்று, சுத்தியலால் தட்டி, எங்கே உள்ளே பொள்ளலாக இருக்கிறது, எங்கே விரிசல் ஓடுகிறது என்று குறித்துவைப்பது. ஒரு மேடையிலிருந்து இன்னொன்றுக்குக் கால் வைத்தேன். இடது பக்கம் மேடை முடிந்துவிட்டிருந்தது. எனக்கு அது தெரியவில்லை. பின்னால் நின்ற வேலையாள் என் இடுப்பு வாரைப் பிடித்து இழுத்தான். "சார், அங்கதான் ஒண்ணுமே இல்லையே, எதை நம்பிக் கால வச்சீங்க?" என்றான்.

கண் மருத்துவரிடம் போனேன். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். புள்ளியே வராமல் வெகுநேரம் காத்திருந்ததாக நினைத்தேன். வந்துகொண்டேதான் இருந்ததாம். கண் அழுத்த நோய். கண்ணுக்குள் நீரின் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். வலிக்காது. ஓரங்கள் முதலில் போகும், நடு கடைசியில். இடது கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது. வலது கண்ணில் கால்பங்கு. போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற ஆயுள் முழுக்கத் தினமும் சொட்டு மருந்து. அலுவலகத்தில் என்னைப் பாலங்களிலிருந்து இறக்கி, மற்றவர்கள் எழுதும் அறிக்கைகளைப் படிக்கும் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார். அதற்காகத்தான் இந்தக் கடிதம். "இது குடும்பத்துல வர்றது. கூடப் பிறந்தவங்களுக்கு இருக்கா? இருந்திருந்தா உங்களை நாற்பதிலேயே பார்த்திருக்கணும். அப்பவே மருந்து போட்டிருந்தா ஒண்ணும் போயிருக்காது." அப்பா நாற்பது வயதில் விபத்தில் போனார், அவரைப் பற்றி நமக்குத் தெரியாது. எனக்கு ஓர் அண்ணன் உண்டு, கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

உங்களுக்கு இருக்கிறதா? ஒரு வார்த்தை போதும்.

அன்புடன்,
தம்பி

*

மே 6

தம்பி,

உன் கடுதாசி கிடைச்சுது. வெளியூர் முகாம், அதான் தாமதம்.

மனசைத் தளரவிடாதே. மேசை வேலையும் ஒரு வேலைதான். வெயில் இல்லை, தூசி இல்லை, ஆறு மாசத்துல நிறம் வச்சிடுவே பாரு. டாக்டருங்க இப்படித்தான், போனவனை எல்லாம் பயமுறுத்தி அனுப்புவாங்க. குடும்பத்துல யாருக்கு, பாட்டனுக்கு இருந்ததா பூட்டனுக்கு இருந்ததான்னு கேக்கறது அவங்களுக்கு ஒரு சம்பிரதாயம்.

என் புது விளம்பரத் தாள் இதோட வச்சிருக்கேன். படத்தைப் பாரு. கண்ணாடி போட்டிருக்கேனா? கண்ணைப் பாரு. போட்டோ எடுத்தவனே கேட்டான், சார் சினிமாவுல இருந்தீங்களான்னு.

நீ ஒண்ணு செய். உன் இருபத்தெட்டு வயசுப் போட்டோ ஒண்ணை எடுத்துக் குளியலறைக் கண்ணாடியில ஒட்டு. அந்தப் பாலத்துக்குக் கீழே தொப்பி போட்டுட்டு நிப்பியே, அந்தப் படம். தினம் காலையில அவனைப் பாத்துப் பேசு. நான் எட்டு வருஷமா பண்றேன். வேற எந்த மருந்தும் இதுக்கு ஈடு கிடையாது.

வீட்டுல கேட்டதா சொல்லு.

ஜூனியர்

*

ஜூலை 9

அண்ணனுக்கு,

நான் நலமாக இல்லை. தங்கள் நலத்தை இனி விசாரிக்கப் போவதில்லை. அது எனக்குத் தெரிந்துவிட்டது.

தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் நாற்காலியில் தலையைச் சாய்த்துக்கொள்வேன், என் மனைவி சொட்டு மருந்து விடுவாள். சென்ற வாரம் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு விடாமலே நின்றாள். "என்ன?" என்றேன். "உங்க இமையைப் பாத்தீங்களா? நீளமாயிட்டு வருது. உங்க அண்ணனுக்கு இருக்கிற மாதிரி" என்றாள்.

மறுநாள் மருத்துவரிடம் கேட்டேன். "இந்த மருந்து போட்டா இமை முடி நீளும், கறுக்கும். பயப்பட வேண்டாம். அழகுக்காகவே கேட்டு வர்றவங்க இருக்காங்க" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து, தாங்கள் ஆண்டுதோறும் அனுப்பும் விளம்பரத் தாள்களை மேசையில் வரிசையாகப் பரப்பினேன். என் மனைவி எதையும் தூக்கி எறியாதவள். முதல் தாளில் தங்களுக்கு அப்பாவின் இமை, இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டிய இமை. இரண்டாவதில், ஏழு ஆண்டுகளுக்கு முந்தையதில், கன்றுக்குட்டியின் இமை. அதன் பிறகு எல்லாவற்றிலும் அதுவே. முதல் தாளுக்கும் இரண்டாவதற்கும் இடையில் வந்தது இளமை என்று தாங்கள் ஊருக்குச் சொன்னீர்கள். வந்தது நோய். ஏழு ஆண்டுகளாகத் தாங்கள் போட்டுக்கொள்வதும் நான் நான்கு மாதமாகப் போட்டுக்கொள்வதும் ஒரே மருந்து.

ஏழு ஆண்டுகளுக்கு முன் எனக்கு நாற்பத்தேழு வயது. இரு கண்களும் முழுதாக இருந்தன. அந்த மருத்துவரும் தங்களிடம் கேட்டிருப்பார், கூடப் பிறந்தவர்கள் உண்டா, உடனே வரச் சொல்லுங்கள் என்று. கேட்காமல் விடமாட்டார்கள். அந்தக் கேள்வியோடு வெளியே வந்து தாங்கள் என்ன செய்தீர்கள்? கூடத்தைச் சுற்றி ஓடினீர்களா?

எங்கள் துறையில், விரிசலைப் பார்த்தும் எழுதாமல் விட்டவனை மறுபடி பாலத்தில் ஏற்ற மாட்டார்கள். பாலம் அன்றைக்கே விழுந்துவிடாது. மேலே வண்டிகள் போய்க்கொண்டுதான் இருக்கும். அவன் வேறு எங்கேயோ போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருப்பான்.

என் கண்களைப் பற்றி இனிப் பேசிப் பயனில்லை. தங்கள் மகளுக்கு வயது முப்பத்து மூன்று. அவள் உட்கார்ந்திருப்பது இருபது மாடி உயரத்தில், அவள் தூக்கும் இரும்புக்குக் கீழே ஆட்கள் நடக்கிறார்கள். இந்த மாதத்துக்குள் அவளிடம் சொல்லுங்கள். சொன்னேன் என்று எனக்கு எழுதுங்கள். தாங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன். நான் சொன்னால் முதலிலிருந்து சொல்வேன்.

தம்பி

*

ஆகஸ்ட் 21

தம்பி,

திடீர்னு தாங்கள் தாங்கள்னு எழுதியிருக்கே. வாடகை பாக்கிக்கு நோட்டீஸ் வந்த மாதிரி இருக்கு.

உன் அண்ணியோட கடைசி ரெண்டு வருஷம் இந்த வீட்டுல மருந்துப் பேச்சைத் தவிர வேற பேச்சே இல்லை. வர்றவன் எல்லாம் அதையே கேப்பான். எப்படி இருக்கு, எப்படி இருக்குன்னு. அவளும் சொல்லிச் சொல்லியே தேஞ்சா. கடைசியில அவளுக்குப் பேரே இல்லாம போச்சு, வியாதியோட பேர்தான் அவ பேர். அவ போன மறு வருஷம் எனக்கு இது. டாக்டர்கிட்ட இருந்து வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்னேன். ஒரு கண்ணாடிக் கடை வாசல்ல என் மூஞ்சி தெரிஞ்சுது. நல்லாத்தான் இருந்தது. அன்னைக்கு முடிவு பண்ணினேன், இனிமே யாரும் என்னை விசாரிக்கக் கூடாதுன்னு.

உனக்குச் சொல்லச் சொல்லி டாக்டர் சொன்னார்தான். சொல்லலாம்னுதான் இருந்தேன். அந்த வருஷம் உனக்குப் பதவி உயர்வு வந்தது. அடுத்த வருஷம் வீடு கட்டினே. எப்ப பாத்தாலும் உனக்கு ஏதோ ஒரு நல்ல நேரமா இருந்தது. உன்கிட்ட சொன்னா நீ விடமாட்டே. வாராவாரம் விசாரிச்சு எழுதுவே. நீ விசாரிக்க ஆரம்பிச்சா நான் நோயாளிதான்.

பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். பாத்துக்கறேன்னு சொன்னா. இதோட விடு.

ஜூனியர்

*

செப்டம்பர் 17

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்க அண்ணன் பொண்ணு எழுதறேன். நீங்களும் சித்தியும் எப்படி இருக்கீங்க? உங்க கண் எப்படி இருக்கு? சித்தி சொல்லித்தான் எல்லாம் தெரியும்.

போன மாசக் கடைசியில நீங்க எழுதின ரெண்டு வரி வந்ததும் ஒண்ணும் புரியலை. "கண் பரிசோதனை முடிந்ததா? மருத்துவர் என்ன சொன்னார்?" அவ்வளவுதான். எந்தப் பரிசோதனை, எந்த மருத்துவர்? சித்திக்குப் போன் பண்ணினேன். சித்தி அழுதுட்டே முதல்ல இருந்து சொன்னாங்க.

அப்பா ஆகஸ்ட் நடுவுல இங்க வந்திருந்தார். டீக்கடையில உக்காந்து, ரொம்ப நேரம் டம்ளரையே சுத்திட்டு இருந்தார். அப்புறம், "கண்ணை நல்லா பாத்துக்கோம்மா"ன்னார். "ஏன்பா?"ன்னேன். "மேல வெயில் அதிகம் இல்ல"ன்னு சொல்லி ஒரு கறுப்புக் கண்ணாடி எடுத்துக் கொடுத்தார். விலை உயர்ந்தது. சொல்லிட்டேன்னு அவர் உங்களுக்கு எழுதினது அதுவாத்தான் இருக்கணும்.

நான் போய்ப் பாத்தேன் சித்தப்பா. ரெண்டு கண்ணுலயும் அழுத்தம் கூட. வலது கண்ணுல நரம்பு தேய ஆரம்பிச்சிருக்கு. பார்வை இன்னும் போகலை, மருந்தை விடாம போட்டா காப்பாத்திடலாம்னு சொன்னாங்க. ஆனா மறு பரிசோதனை வரைக்கும் கிரேன்ல ஏறக் கூடாதுன்னு நிறுத்தி வச்சிருக்காங்க. கீழே நின்னு கொடி காட்டறேன். மேல என் இடத்துல வேற ஆள்.

"அப்பாவுக்கு இருக்கா?"ன்னு டாக்டர் கேட்டார். இருக்குன்னேன். "அவருக்கு என்ன வயசு?"ன்னார். "எந்த வயசைச் சொல்லட்டும்?"னு கேட்டேன்.

இப்ப எனக்குக் கொடுத்திருக்கிற இதே மருந்து பாட்டில் எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல எப்பவும் இருக்கும். என்னப்பா இதுன்னு ஒரு தடவை கேட்டேன். இமை வளர்க்கிற மருந்துன்னார். என் சிநேகிதிக்குக் கல்யாணம், அவளுக்கு ஒண்ணு வாங்கித் தாங்கன்னேன். தரவே இல்லை. கஞ்சம்னு திட்டினேன்.

இப்ப அவர் போன் பண்றார். நான் எடுக்கறதில்லை. எடுத்தா, கண் எப்படி இருக்குன்னு அவர் கேக்க மாட்டார்னு தெரியும். அதைக் காதால கேக்க எனக்கு இஷ்டமில்லை.

சித்திக்கு என் அன்பு.

உங்கள் மகள்

*

அக்டோபர் 14

தம்பி,

வீட்டுல எல்லாரும் சௌக்கியமா இருக்கீங்கன்னு நினைக்கிறேன். நீ பதில் போடறதில்லை. பொண்ணும் போன் எடுக்கறதில்லை. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா?

அடுத்த மாசம் கூடத்தோட ஆண்டு விழா. பெரிய அரங்கம் பிடிச்சிருக்காங்க. நான் ஒரு மணி நேரம் பேசணும். நம்ம கூடம்னா எனக்குக் கண்ணை மூடிட்டு நடக்க வரும், ஆனா இந்த அரங்கம் புதுசு. மேடைக்குப் படி பக்கவாட்டுல இருக்கு, குறுகலா. விளக்கை அணைச்சு ஒரு வெளிச்சம் மட்டும் மூஞ்சி மேல போடுவாங்க.

எதிர்ல இருக்கிறது எல்லாம் நல்லா தெரியுது. நடுவுல ஒரு குறையும் இல்லை. மருந்து கொஞ்ச நாளா சரியா போட முடியலை. முகாமுக்குப் போனா ஒரே அறையில நாலு பேர் படுப்போம், அவங்க முன்னாடி பாட்டிலை எடுக்க முடியுமா சொல்லு.

நீ வா. வந்து என் கையைப் பிடிச்சுட்டு மேடை வரைக்கும் நட, திரும்பிக் கூட்டிட்டு வந்துடு. அவ்வளவுதான். கூடத்துல உன்னை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. பாக்கறவங்களுக்கு நான் என் அண்ணனைக் கைத்தாங்கலா கூட்டிட்டு வர்ற மாதிரி இருக்கும். கைகூட தட்டுவாங்க. ஒருத்தனுக்கும் சந்தேகம் வராது. வேற யாரைக் கேட்டாலும் ஏன்னு கேப்பாங்க. உன்னை ஒருத்தனைத்தான் கேக்க முடியும்.

ஜூனியர்

*

அக்டோபர் 22

அண்ணனுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. வரிகள் காகிதத்தின் வலது ஓரத்தைத் தாண்டிப் போயிருக்கின்றன. கடைசி எழுத்துகள் சிலவற்றைத் தங்கள் மேசை படித்திருக்கும், நான் படிக்கவில்லை. எதிரில் இருப்பது நன்றாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியும். இந்த நோயின் முறையே அதுதான். சுற்றி இருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, நடுவை மட்டும் கடைசிவரை விட்டுவைக்கும். கண்ணாடி முன்னால் நிற்பவனுக்கு இதைவிட வசதியான நோய் கிடையாது. பக்கத்தில் நின்ற மனைவி, தம்பி, மகள் எல்லோரும் மறைந்த பிறகும் அவனுக்குத் தன் முகம் தெரியும்.

எனக்கு இடது பக்கம் இல்லை. தங்களுக்கு எந்தப் பக்கமும் இல்லை. இருவருக்கும் சேர்த்து ஓர் ஆளுக்குரிய பார்வை தேறுமா என்பது சந்தேகம். ஆயினும் வருகிறேன். தங்கள் வலது கையைப் பிடித்துக்கொள்கிறேன், படிகளைச் சொல்லிக்கொண்டே வருகிறேன், விழவிட மாட்டேன்.

ஒரே நிபந்தனை. ஒலிபெருக்கி முன் நின்றதும், பேச்சைத் தொடங்கும் முன் தாங்கள் மூன்று விஷயங்கள் சொல்ல வேண்டும். எனக்கு அறுபது வயதாகப் போகிறது. எனக்கும் என் மகளுக்கும் கண்ணில் இந்த நோய் இருக்கிறது. இவன் என் தம்பி. அந்தக் கூட்டத்தில் நாற்பதைக் கடந்தவர்கள்தான் எல்லோரும். அவர்களில் எத்தனை பேர் விளிம்பு தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்று தங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தாங்கள் சொன்னால் அவர்கள் போய்ப் பார்த்துக்கொள்வார்கள். தங்கள் வாழ்நாளில் தாங்கள் நடத்திய உருப்படியான வகுப்பு அதுவாக இருக்கும்.

மாறாக என்னை ஒருமுறை அண்ணன் என்று அழைத்தாலும் அந்த இடத்தில் கையை விட்டுவிடுவேன். அது மேடையின் எந்த இடமாக இருந்தாலும் சரி.

தம்பி

*

அக்டோபர் 30

தம்பி,

நீ வர வேண்டாம். ரெண்டு நாள் முன்னாடியே போய்த் தனியா நடந்து பழகிக்கறேன்.

ராத்திரி மருந்தை மறக்காம போட்டுக்கோ. நான் விட்ட மாதிரி விட்டுடாதே.

ஜூனியர்

*

நவம்பர் 19

ஐயா,

வணக்கம். எங்கள் மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில் தங்கள் தம்பி அனுமதிக்கப்பட்டுள்ளார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். விழா ஒன்றில் உரையாற்றி முடித்துத் திரும்பும்போது மேடையின் பக்கவாட்டிலிருந்து கீழே விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துள்ளது. நினைவு தெளிவாக உள்ளது. அடுத்த வாரம் அறுவை சிகிச்சை செய்ய உத்தேசித்துள்ளோம்.

தமக்கு நாற்பத்தெட்டு வயது என்றும், வேறு நோய் எதுவும் இல்லை என்றும், எந்த மருந்தும் எடுத்துக்கொள்வதில்லை என்றும் நோயாளி கூறியுள்ளார். மனைவி மக்கள் இல்லை என்றும், உறவினர் என்று சொல்லத் தமக்கு ஓர் அண்ணன் மட்டுமே உண்டு என்றும் கூறித் தங்கள் முகவரியைக் கொடுத்தார். தாங்கள் மிகவும் வயதானவர், தொலைபேசியில் பேசுவதோ பயணம் செய்வதோ இயலாது என்றும் தெரிவித்ததால் இக்கடிதத்தை அனுப்புகிறோம். சிகிச்சைக்கான தங்கள் இசைவை எழுத்து மூலம் அனுப்பினால் போதுமானது.

தங்கள் உடல்நலனைக் கவனித்துக்கொள்ளவும்.

நோயாளிகள் தொடர்பு அலுவலர்

*

நவம்பர் 23

நோயாளிகள் தொடர்பு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் இன்று கிடைத்தது. கிடைத்த ஒரு மணி நேரத்துக்குள் இந்தப் பதிலை எழுதி, நேரில் கொண்டுவந்து தருபவரிடம் ஒப்படைக்கிறேன். தாமதம் ஆகக் கூடாது என்பதற்கான காரணம் கீழே உள்ளது.

எனக்குத் தம்பி கிடையாது.

ஓர் அண்ணன் உண்டு. தங்களிடம் படுத்திருப்பவர் அவராகத்தான் இருக்க வேண்டும். அவருடைய வயது நாற்பத்தெட்டு அன்று, ஐம்பத்தொன்பது. ஜனவரியில் அறுபது முடிகிறது. மயக்க மருந்து கொடுப்பவருக்கு இந்த வேறுபாடு முக்கியமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அவருக்கு ஏழு ஆண்டுகளுக்கும் மேலாகக் கண் அழுத்த நோய் இருக்கிறது. மருந்தைச் சில மாதங்களாகச் சரியாகப் போடவில்லை. இதைக் கேட்டால் இல்லை என்பார், அழகாகச் சிரிப்பார். நம்ப வேண்டாம். அவருடைய இமைகளைப் பாருங்கள். அறுவை சிகிச்சைக்கு முன் ஒரு கண் மருத்துவரை அழைத்துக் காட்டுங்கள்.

அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள். முப்பத்து மூன்று வயது. சில நாட்களாக எங்களோடு இருக்கிறாள். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவள் அவள்தான். தன் அப்பாவைப் பார்க்க வரவில்லை, கடிதம் கொடுக்க மட்டும் வருகிறேன் என்று சொல்லிப் புறப்பட்டிருக்கிறாள். அவரைப் பார்க்கிறீர்களா என்று அவளிடம் இரண்டாவது முறை கேட்க வேண்டாம்.

செவிலியர்களுக்கு ஒரு குறிப்பு. அவரிடம் பேசும்போது நேர் எதிரே நின்று பேசச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்பவர்கள் அவருக்குத் தெரிவதில்லை. வெகுகாலமாகவே தெரிவதில்லை.

சிகிச்சைக்கு என் இசைவைத் தெரிவிக்கிறேன். இதற்கான தகுதி எனக்கு உண்டா என்று தங்கள் சட்டதிட்டம் கேட்கக்கூடும் என்பதால், நோயாளி தெரிவித்த உறவைத் திருத்தி, கீழே என் கையெழுத்தோடு எழுதித் தருகிறேன்.

இங்ஙனம்,
நோயாளியின் தம்பி